ஹஜ்ஜும் உம்ராவும்: ஒரு விளக்க வகுப்பையும் அதன் கையேட்டையும் பற்றிய மதிப்புரை

புனிதப் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் சேவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள், தங்குமிடம் மக்காப் பள்ளிவாசலுக்கு எவ்வளவு அருகில் இருந்தது, சாப்பாடு எப்படி இருந்தது, பேருந்து நேரத்துக்கு வந்ததா என்பவற்றை விரிவாகச் சொல்கிறார்கள். அவையெல்லாம் வேண்டிய செய்திகளே. ஆனால் பயணத்துக்கு முன்பு அந்தச் சேவை நடத்தும் விளக்க வகுப்பு பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. மக்காவுக்கான பெரிய புனிதப் பயணமான ஹஜ்ஜுக்கும் சிறிய பயணமான உம்ராவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பயணியின் மனத்தில் தெளிவாகப் பதிய வைக்காத ஒரு சேவை, எவ்வளவு வசதியான விடுதியை ஏற்பாடு செய்திருந்தாலும், தன் முதல் வேலையைச் செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான், நான் உட்கார்ந்து கேட்ட ஒரு வகுப்பையும், அங்கே கொடுக்கப்பட்ட கையேட்டையும், கூடவே வந்த ஆலிமின் (மார்க்க அறிஞரின்) வழிகாட்டலையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

வகுப்பு மிக நன்றாக இருந்தது. கையேடு அந்த அளவுக்கு இல்லை. இரண்டையும் ஒரே ஆலிம்தான் தயாரித்தார் என்றாலும், நேரில் அவர் சொன்ன பல நுட்பங்கள் அச்சில் விடுபட்டிருக்கின்றன.

ஹஜ்ஜையும் உம்ராவையும் ஒப்பிட்டுச் சொல்லும்போது, உம்ராவில் இருப்பவை இவ்வளவு, ஹஜ்ஜில் அவற்றோடு இன்னும் சில சேர்கின்றன என்று எண்ணிக்கையாகச் சொல்வதுதான் வழக்கம். அதில் பொய் இல்லை. இஹ்ராம் என்ற புனித நிலைக்குள் நுழைந்து அதைக் கட்டுவதும், தல்பியா என்ற முழக்கத்தைச் சொல்வதும், கஅபாவை ஏழு முறை வலம் வருவதும் (தவாஃப்), ஸஃபா மர்வா என்ற குன்றுகளுக்கு இடையே தொங்கோட்டம் ஓடுவதும், முடி களைவதும் இரண்டிலும் உண்டு. இஹ்ராமில் தடுக்கப்பட்ட காரியங்களும் இரண்டிலும் ஒன்றே. நறுமணம் பூசக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது, தாம்பத்திய உறவு கூடாது, ஆண்கள் தைத்த ஆடை அணியக்கூடாது. இதைக் கேட்கிறவர், உம்ரா என்பது ஹஜ்ஜின் சுருக்கம் என்ற முடிவுக்கு வந்துவிடுவது இயல்புதான். அந்த முடிவோடு போகிறவர் அரஃபாவில் நிற்கும்போது, கஅபா கண்ணிலேயே படாத ஒரு வெட்டவெளியில் தனக்கு என்ன வேலை என்று தடுமாறுவார்.

இந்த வகுப்பு அந்த வழியில் போகவில்லை. ஆலிம் முதலில் காலத்தைப் பற்றியே பேசினார். உம்ராவுக்கு ஆண்டு முழுவதும் வாசல் திறந்திருக்கிறது; இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ் பிறை 9 முதல் 13 வரையிலான நாள்களில் உம்ரா செய்வதை ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) வெறுக்கத்தக்கதாகக் கருதுகிறது என்பது போன்ற சில வரம்புகளைத் தவிர, எந்த மாதத்திலும், பகலிலோ இரவிலோ செய்யலாம். இன்று உடல் முடியாமல் போனால் நாளை தவாஃப் செய்யலாம். ஹஜ்ஜில் அந்த வசதி கிடையாது. ஹஜ்ஜின் காரியங்கள் துல்ஹஜ் பிறை 8 முதல் 13 வரை நாளோடும் இடத்தோடும் கட்டப்பட்டவை. பிறை 9 அன்று சூரியன் உச்சி சாய்ந்ததிலிருந்து பிறை 10 வைகறை வரையிலான நேரத்துக்குள் ஒரு சிறு பொழுதாவது அரஃபா எல்லைக்குள் இருக்காதவருக்கு அந்த ஆண்டு ஹஜ் கிடையாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. கஅபாவை எத்தனை முறை வலம் வந்தாலும், எத்தனை பிராணிகளை அறுத்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ‘ஹஜ் என்பதே அரஃபாதான்’ என்ற நபிமொழியை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் சட்டக் கனத்தை இந்த வகுப்பில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். அரஃபாவைத் தவறவிட்டவர் உம்ராவின் காரியங்களைச் செய்து இஹ்ராமிலிருந்து விடுபட்டு, பின்னொரு ஆண்டில் ஹஜ்ஜைக் களாச் செய்ய (தவறியதற்கு ஈடாக நிறைவேற்ற) வேண்டும் என்று அவர் விளக்கியபோது, இரண்டு வணக்கங்களுக்கும் உள்ள உறவும் இடைவெளியும் ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டன.

அடுத்து இடத்தைப் பற்றிச் சொன்னார். அறையின் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு நீண்ட கோடு போட்டு, ஒரு முனையில் மக்கா, அடுத்து மினா, அதற்கப்பால் முஸ்தலிஃபா, மறுமுனையில் அரஃபா என்று எழுதினார். முஸ்தலிஃபாவுக்கும் அரஃபாவுக்கும் நடுவில் குறுக்காக இன்னொரு கோடு போட்டு, ‘ஹரமின் எல்லை இங்கே முடிந்துவிடுகிறது’ என்றார். ஹரம் என்பது மக்காவைச் சுற்றியுள்ள புனித நிலப்பரப்பு. மக்காவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அரஃபா, ஹரம் எல்லைக்கு வெளியே உள்ளது. ஆகவே ஹஜ் செய்கிறவர் ஹரமிலிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வருகிறார். உம்ரா செய்கிறவரோ மீகாத் எல்லையில் இஹ்ராம் கட்டி உள்ளே வந்தபின், எல்லாவற்றையும் கஅபா அமைந்த பள்ளிவாசலான மஸ்ஜிதுல் ஹராமிலும் அதையொட்டிய ஸஃபா மர்வாவிலும் முடித்துக்கொள்கிறார்.

இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அவர் விளக்கிய இன்னொரு சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மக்காவில் தங்கியிருப்பவர் ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்ட வேண்டுமானால், தங்கியிருக்கும் அறையிலிருந்தே கட்டிக்கொள்ளலாம். அதே மனிதர் உம்ரா செய்ய நினைத்தால், ஹரம் எல்லையைத் தாண்டி வெளியே போய் இஹ்ராம் கட்டி வர வேண்டும்; அதற்காகத்தான் தன்ஈமில் உள்ள ஆயிஷா பள்ளிவாசலுக்குப் பயணிகள் போகிறார்கள். பெரிய வணக்கத்துக்கு அறையே போதும், சிறிய வணக்கத்துக்கு வெளியே போக வேண்டுமா என்று பலருக்குத் தோன்றும். ஹரமையும் அதற்கு வெளியே உள்ள நிலத்தையும் சேர்த்துக்கொள்வது இரண்டு வணக்கங்களிலும் வேண்டப்படுகிறது. ஹஜ்ஜில் அரஃபாவுக்குப் போகும்போது அது தானாக நிறைவேறிவிடுகிறது, உம்ராவில் தொடக்கத்திலேயே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. இறுதி ஹஜ்ஜின்போது தம் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை அவர்களுடைய சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுடன் தன்ஈமுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிவைத்தது இதற்கு ஆதாரம். கையேட்டில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை.

உம்ராவின் செய்முறைப் பகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. கறுப்புத் துணி போர்த்திய ஒரு மேசையைக் கஅபாவாக வைத்து, ஹஜருல் அஸ்வத் என்ற கருங்கல் இருக்கும் மூலையில் ஒரு நாற்காலியை நிறுத்தி, எல்லோரையும் இடப்பக்கம் கஅபா இருக்கும்படி சுற்றி வரச் செய்தார். ஆண்கள் வலத்தோளைத் திறந்து விடுவதும் முதல் மூன்று சுற்றுகளில் எட்டுகளைச் சுருக்கி வேகமாக நடப்பதும் எந்தத் தவாஃபில் உண்டு, எதில் இல்லை என்பதைத் தனியாகச் சொன்னார். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குப் போவது ஒன்று, திரும்பி வருவது இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும். போய்த் திரும்புவதை ஒன்றாக எண்ணிப் பதினான்கு முறை நடந்து கால் வீங்கிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கை அவர் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிய வைத்தது சரியே. ஏழு முறை என்பதே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நடை. கூட்டம் மிகுந்திராத வேளையில் முழு உம்ராவையும் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஹஜ் பகுதியில்தான் அந்த ஆலிமின் திறமை வெளிப்பட்டது. பிறை 8 அன்று மினாவுக்குப் போவது, பிறை 9 அன்று அரஃபாவில் நண்பகல், பிற்பகல் தொழுகைகளான லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டு மாலை மஃரிப் வரை துஆவில் (இறைஞ்சுதலில்) இருப்பது, சூரியன் மறைந்தபின் முஸ்தலிஃபாவுக்கு வந்து மஃரிபையும் இரவுத் தொழுகையான இஷாவையும் சேர்த்துத் தொழுவது, பிறை 10 அன்று கல்லெறியும் இடங்களான ஜம்ராக்களில் பெரிய ஜம்ராவில் மட்டும் ஏழு கற்கள், பின்னர் குர்பானி (பிராணி பலி), முடி களைதல், தவாஃபுல் இஃபாளா (ஹஜ்ஜின் கட்டாய வலம்), பிறை 11, 12 ஆகிய நாள்களில் மூன்று ஜம்ராக்களிலும் ஏழேழு கற்கள் என்ற வரிசையை அவர் ஒப்பிக்கவில்லை. ஒவ்வொருவரையாக எழுப்பித் தரையில் வரைந்த அந்தக் கோட்டில் நிற்க வைத்து, ‘இப்போது பிறை 9, சூரியன் மறைந்துவிட்டது; நீங்கள் எங்கே இருக்க வேண்டும், மஃரிபை எங்கே தொழ வேண்டும்?’ என்று கேட்டார். தவறாகச் சொன்னவரை உட்கார விடாமல், சரியான இடத்துக்கு நடந்துபோகச் சொன்னார். பிறை 12 அன்று சூரியன் மறையுமுன் மினாவை விட்டுக் கிளம்புகிறவருக்கு மொத்தம் 49 கற்கள், பிறை 13 வரை தங்குகிறவருக்கு 70 கற்கள் என்ற கணக்கும் அப்படி நடந்துகொண்டே வந்ததுதான்.

தல்பியாவை எங்கே நிறுத்துவது என்பதிலும் வேறுபாடு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உம்ராவில் தவாஃபைத் தொடங்கும்போது தல்பியா நின்றுவிடுகிறது. ஹஜ்ஜில் பிறை 10 அன்று பெரிய ஜம்ராவில் கல்லெறியத் தொடங்கும்வரை அது தொடர்கிறது. இஹ்ராமிலிருந்து விடுபடுவதும் இப்படித்தான். உம்ராவில் முடியைக் களைந்த கணமே எல்லாத் தடைகளும் ஒன்றாக நீங்கிவிடுகின்றன. ஹஜ்ஜில் விடுதலை இரண்டு படிகளாக வருகிறது: கல்லெறிந்து முடியும் களைந்தபின் தைத்த ஆடை அணியலாம், நறுமணம் பூசலாம், ஆனால் தாம்பத்திய உறவுக்கான தடை தவாஃபுல் இஃபாளாவும், செய்ய வேண்டிய தொங்கோட்டமும் முடியும்வரை நீடிக்கிறது. தம்பதியராகப் போகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இந்தச் சட்டத்தை அவர் கூச்சமின்றி, கண்ணியமான சொற்களில் சொன்னார். பல வகுப்புகளில் இதை மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

ஹஜ்ஜும் உம்ராவும் ஒரே பயணத்தில் சேரும்போதுதான் பயணிகளுக்குக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. தமத்துஃ, கிரான், இஃப்ராத் என்ற மூன்று முறைகளைப் பெயர்களாக மனப்பாடம் செய்ய வைப்பதில் பயன் இல்லை. ஹஜ்ஜுடைய மாதங்களில் முதலில் உம்ரா செய்து, இஹ்ராமைக் களைந்து, இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பி, பிறை 8 அன்று மக்காவிலேயே மறுபடியும் ஹஜ்ஜுக்காக இஹ்ராம் கட்டுவது தமத்துஃ. இரண்டுக்கும் சேர்த்து ஒரே இஹ்ராமில் நிற்பது கிரான். ஹஜ்ஜை மட்டும் நிய்யத் (எண்ணம்) வைப்பது இஃப்ராத். முதல் இரண்டு முறைகளிலும் பிராணி பலி கடமையாகிறது. அதற்கு வசதி இல்லாதவர் ஹஜ்ஜின்போது மூன்று நோன்பும் ஊர் திரும்பியபின் ஏழு நோன்பும் நோற்க வேண்டும். தொலைவிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தமத்துஃ முறையில்தான் செய்கிறார்கள் என்பதால், அவர் அதற்கே நேரத்தைச் செலவிட்டார். உம்ரா முடிந்ததும் முடியைக் கத்தரித்துக் குறைத்துக்கொண்டு, ஹஜ்ஜில் முழுதாக மழித்துக்கொள்ளுங்கள் என்று ஆண்களுக்கு அவர் சொன்ன யோசனை சிறியதுதான். ஆனால் இரண்டு வணக்கங்களும் நெருங்கி வரும்போது இரண்டாவது முறை மழிக்கத் தலையில் முடி வேண்டுமே என்ற எண்ணம் அந்த நாளுக்கு முன்பு பலருக்கு வந்திருக்காது.

கையேட்டில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி உம்ராவின் சட்ட நிலையைப் பற்றியது. ‘ஹஜ் கடமை, உம்ரா சுன்னத்’ என்று, அதாவது உம்ரா கடமையாகாத நபிவழி என்று, ஒரே வரியில் அச்சிட்டு முடித்துவிட்டார்கள். வசதியும் உடல் வலிமையும் உள்ளவருக்கு ஆயுளில் ஒருமுறை ஹஜ் கடமை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. உம்ராவைப் பொறுத்தவரை, ஹனஃபி, மாலிகி மத்ஹபுகளில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஷாஃபி, ஹன்பலி மத்ஹபுகளிலோ ஹஜ்ஜைப் போலவே ஆயுளில் ஒருமுறை கடமை. ‘அல்லாஹ்வுக்காக ஹஜ்ஜையும் உம்ராவையும் நிறைவு செய்யுங்கள்’ என்ற அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தை அவர்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். தமிழில் கையேடு எழுதுகிறவர், படிப்பவர்களில் ஷாஃபி மத்ஹபினர் ஏராளமாக இருப்பார்கள் என்பதை அறிந்தே எழுத வேண்டும். தன் மீது கடமையான ஒன்றை விருப்பத்துக்குரியது என்று ஒருவர் எண்ணிக்கொண்டு போவது சிறிய பிழையில்லை. இதைக் கேள்வி நேரத்தில் நான் எழுப்பியபோது, ஆலிம் உடனே ஒப்புக்கொண்டு இரு கருத்துகளையும் எல்லோருக்கும் விளக்கினார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவர்மீது மதிப்புக் கூடியது.

ரமளான் மாதத்து உம்ராவைப் பற்றி அவர் சொன்னதை, உம்ராப் பயணம் ஏற்பாடு செய்யும் எல்லாச் சேவைகளும் தங்கள் விளம்பரத்தோடு சேர்த்துச் சொன்னால் நல்லது. ரமளானில் செய்யும் உம்ரா ஹஜ்ஜுக்கு ஈடாகும் என்ற நபிமொழி நன்மையின் அளவைச் சொல்கிறது. கடமையான ஹஜ் அதனால் நீங்கிவிடாது. எத்தனை ரமளானில் உம்ரா செய்தவரானாலும், வசதி வந்தபின் ஹஜ்ஜுக்குப் போகாமல் இருந்தால் அந்தக் கடமை அவர்மீது நின்றுகொண்டே இருக்கும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபின் (இடம்பெயர்ந்தபின்) நான்கு உம்ராவுக்கு இஹ்ராம் கட்டியிருக்கிறார்கள்; ஹிஜ்ரி 6இல் ஹுதைபியாவில் தடுக்கப்பட்டதும் அவற்றில் ஒன்று. ஹஜ்ஜோ ஹிஜ்ரி 10இல், அதாவது பொ.ஆ. 632இல், ஒரே ஒரு முறைதான்.

பெண்களுக்கான பகுதியைத் தனி அமர்வாக ஓர் ஆலிமா நடத்தினார். என் மனைவி அதில் கலந்துகொண்டு வந்து சொன்னவற்றிலிருந்து, அது இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி என்று தயக்கமின்றிச் சொல்வேன். மாதவிடாய் வந்துவிட்டால் உம்ராவில் தவாஃபைத் தள்ளிவைத்து, இஹ்ராமிலேயே தூய்மைக்காகக் காத்திருக்க வேண்டும். ஹஜ்ஜில் அரஃபாவில் நிற்பது, முஸ்தலிஃபாவில் தங்குவது, கல்லெறிவது எல்லாவற்றையும் அந்த நிலையிலேயே செய்யலாம். தவாஃப் மட்டும் பின்னுக்குப் போகிறது. விடைபெறும் தவாஃப் அந்த நிலையில் உள்ள பெண்ணுக்குத் தேவையில்லை என்று சலுகையும் இருக்கிறது. உம்ராவில் தடையாகத் தோன்றும் ஒன்று, ஹஜ்ஜில் பெரும்பாலான காரியங்களைத் தொடவே செய்வதில்லை என்பதைக் கேட்டபின், அமர்வில் இருந்த பெண்கள் பலருக்கு நெடுநாள் கவலை நீங்கியதாம். கையேட்டில் இது ஒரு பத்திக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

மதீனா ஜியாரத்தை (மதீனா சென்று தரிசிப்பதை) பற்றிய விளக்கம் சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. அது ஹஜ்ஜின் பகுதியும் இல்லை, உம்ராவின் பகுதியும் இல்லை. போகாவிட்டாலும் இரண்டும் நிறைவேறும். பெரும் நன்மையுள்ள தனி வணக்கம் அது. மதீனாவில் நபியின் பள்ளிவாசலிலுள்ள ரவ்ளாவில் தொழ, சவூதி அரசின் நுஸுக் செயலி வழியாக முன்பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி, செயலியைக் கைப்பேசியில் இறக்கித் தந்தார்கள்.

அனுமதி பற்றிய பகுதி மட்டும் என்னை ஏமாற்றியது. வகுப்பிலும் கையேட்டிலும் இது கடைசி நிமிடத்துச் செய்தியாகவே வந்தது. உம்ராவுக்கான விசா ஆண்டின் பெரும்பகுதியில் எளிதாகக் கிடைக்கிறது. ஹஜ்ஜுக்கோ ஒவ்வொரு நாட்டுக்கும் ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதற்கெனத் தனி விசாவும் அனுமதியும் வேண்டும். உம்ரா விசாவிலோ சுற்றுலா விசாவிலோ போய், ஹஜ் நாள்கள் வரும்வரை தங்கிவிடலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவருக்கு மினாவில் கூடாரம் இல்லை, அரஃபாவுக்குப் போக வாகனம் இல்லை, குளிரூட்டப்பட்ட நிழல் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடந்தே போக வேண்டியிருந்தது. உம்ரா எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது, ஹஜ் அப்படிப்பட்டதில்லை என்ற வேறுபாட்டை இவ்வளவு அழகாகக் கற்பித்தவர்கள், அந்த வேறுபாடு உயிரைக் காக்கும் விஷயமாகவும் இருக்கிறது என்பதை முதல் அமர்விலேயே சொல்லியிருக்க வேண்டும். முதியவர்களும் நோயாளிகளும் வகுப்புக்கு வந்திருந்தார்கள். வெப்பத்தைத் தாங்கும் வழிகள், மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, மருந்துகளை எடுத்துச் செல்வது பற்றிய அறிவுரைகள் நன்றாகவே இருந்தன. அனுமதியைப் பற்றிய எச்சரிக்கையும் அவற்றோடு அதே அழுத்தத்தில் வந்திருக்க வேண்டும்.

மக்காவில் கூட வந்த ஆலிமின் வழிகாட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரஃபாவில் அவர் கூட்டு துஆவைக் கொஞ்ச நேரத்தோடு முடித்துக்கொண்டு, அஸர் வேளைக்குப்பின் ஒவ்வொருவரையும் தனியே விட்டுவிட்டார். கையேட்டில் அச்சிட்ட துஆக்களை வரிசையாக வாசித்துத் தீர்க்க வேண்டியதில்லை, தமிழிலேயே கேளுங்கள் என்றார். தவாஃபின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துஆ என்று கையேட்டில் அச்சிட்டிருப்பதைப் பற்றியும், அப்படிக் குறிப்பிட்ட துஆக்கள் நபிவழியில் வரவில்லை, கஅபாவின் ருக்னுல் யமானி மூலைக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையே ஓதும் ‘ரப்பனா ஆத்தினா’ மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று அங்கேயே திருத்தினார். அப்படியிருக்க, அந்தச் சுற்றுவாரியான துஆக்கள் கையேட்டில் ஏன் இன்னும் இருக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, தரையில் வரைந்த அந்தக் கோட்டை ஒரு படமாக அச்சிட்டு, அதன் ஒவ்வொரு இடத்துக்கும் நேரே பிறையையும் வேளையையும் குறித்துத் தந்தால், கழுத்தில் தொங்கும் கையேட்டைத் திறந்து பார்க்கிற ஹாஜி எந்த வேளையில் எங்கே இருக்க வேண்டும் என்பதை மினாவின் கூட்டத்துக்கு நடுவிலும் உடனே தெரிந்துகொள்வார்.